அட்டமி பார்த்து இறங்குங்கள்: சிங்கப்பூர்த் தென்தீவுகளில் நீரோட்டத்தோடு முக்குளிக்க முழு வழிகாட்டி

மலேசியாவின் தியோமான் தீவில் நாலு நாள் தங்கி, முக்குளிப்பின் முதல் நிலைச் சான்றான ஓப்பன் வாட்டர் அட்டை வாங்கி வருகிற நம் பிள்ளைகள், அடுத்த மாதமே இங்குள்ள புலாவ் ஹந்து தீவில் இறங்கும்போது இரண்டு விஷயங்களில் அரண்டுபோகிறார்கள். நீட்டிய கைக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. நின்ற இடத்தில் நிற்கவும் முடிவதில்லை. சிலர் அத்தோடு உள்ளூர்க் கடலை விட்டுவிட்டு, விடுமுறைக்கு வெளிநாடு போனால் மட்டும் முக்குளிப்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். உலகத்தில் உள்ள கல்பவள இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 250க்கும் மேல், இந்தச் சின்ன நாட்டின் கடலில் பதிவாகியிருக்கின்றன. அழிந்தேபோனது என்று நெடுங்காலம் நினைத்திருந்த நெப்டியூன் கிண்ணம் என்ற கடற்பஞ்சு 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் உயிரோடு கிடைத்தது. வீட்டிலிருந்து எம்ஆர்டி பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிற கடல் இது.

இங்கே முக்குளிக்கக் கற்பது என்றால் முதலில் நேரம் பார்க்கக் கற்பது. நல்ல நாளில், நல்ல மணியில் இறங்கினால் இந்தக் கடல் குளம் போல நிற்கும். தப்பான மணியில் இறங்கினால் எவ்வளவு பலசாலியையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை.

முதல் படி: நாள் குறித்தல்

நம் வீடுகளில் தேக்கா கடைகளில் கொடுக்கிற தினசரி காலண்டர் மாட்டியிருக்கும். அதைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி அன்றும் அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று நாளும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அட்டமி வாக்கில் இரண்டும் செங்கோணத்தில் நின்று இழுக்கும். ஒன்றின் இழுப்பை மற்றொன்று குறைத்துவிடும். அந்த அட்டமி, நவமி, தசமி நாட்களில் கடல் சோம்பியிருக்கும். அட்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்வார். முக்குளிப்பவர்களுக்கு மாதத்தில் இரண்டு முறை வரும் அந்த நாட்கள்தான் முகூர்த்தம். புதிதாக வருகிறவர்கள் முதல் பத்து முறையாவது இந்த நாட்களில் மட்டும் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலண்டர் நாளைச் சொல்லும். மணியைச் சொல்ல ஓத அட்டவணை வேண்டும். சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் அதை வெளியிடுகிறது. இங்கே பெரும்பாலும் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அட்டவணையில் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு ஏற்றம் 3.0 மீட்டர், வற்றம் 0.3 மீட்டர் என்றால் வித்தியாசம் 2.7. ஆறு மணி நேரத்துக்குள் அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே உள்ள சந்துகள் வழியாக ஓடியாக வேண்டும். ஏற்றம் 2.2, வற்றம் 1.2 என்றால் வித்தியாசம் 1.0 மட்டும். அன்று போகலாம்.

அந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே சீராக நகர்வதில்லை. மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு போடும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த வித்தியாசத்தில் முதல் மணியில் 12இல் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் போய்விடுகிறது. வித்தியாசம் 2.4 மீட்டர் என்றால் முதல் ஒரு மணியில் 20 சென்டிமீட்டர்தான், மூன்றாம் மணியில் 60. இறங்க வேண்டியது இரண்டு ஓரங்களில். நடுவில் படகில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நீர்மட்டம் உச்சியில் நிற்கும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் நீரிணை ஒரு பக்கம் தென்சீனக் கடலையும் மறுபக்கம் மலாக்கா நீரிணையையும் இணைக்கும் வாய்க்கால். இரண்டு பக்கத்து ஓதமும் வெவ்வேறு தாளத்தில் தள்ளுகின்றன. மட்டம் ஏறி முடிந்த பிறகும் ஓட்டம் ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பது இங்கே சாதாரணம். ஒவ்வொரு பவளத்திட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆகவே அட்டவணையை வைத்து உத்தேசமான நேரத்தைக் குறியுங்கள். அந்த இடத்தில் பல வருடம் படகோட்டியவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். அவர் அரை மணி தள்ளிப் போடச் சொன்னால் தள்ளிப் போடுங்கள். தமிழகக் கரையோர மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள், வலை விடுவதற்கு முன் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்குள்ள மலாய்ப் படகோட்டிகளும் அப்படித்தான்.

வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரை சுமத்ரா சூறை வரக்கூடும், 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். மேற்கே வானம் கறுத்தால், இடி கேட்டால், அன்று இறங்குவதில்லை.

இரண்டாம் படி: இடம்

புலாவ் ஹந்துவில் தொடங்குங்கள். ஹந்து என்றால் மலாயில் பேய். ஹந்து பெசார், ஹந்து கெச்சில் என்று இரண்டு தீவுகள், நன்றாக வற்றும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். எதிரே புக்கோம் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். பார்வைத் தூரம் பல நாள் ஒன்று முதல் மூன்று மீட்டர்தான். வெளிச்சம் ஆழத்துக்குப் போகாததால் பவளத்தில் பெரும்பகுதி ஆறு, எட்டு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே போய் நேரத்தையும் காற்றையும் செலவழிக்கத் தேவையில்லை. இங்கே கண்ணை ஒரு சாண் தூரத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கடல் நத்தையின் உறவான வண்ண வண்ண நூடிபிராங்குகள், புலிவால் கடற்குதிரை, ஜோடி ஜோடியாகத் திரியும் செம்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன் எல்லாம் தெரியும்.

அடுத்தது சிஸ்டர்ஸ் தீவுகள், 2014இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் கடல் பூங்கா. அங்கே நீருக்கடியில் எண் பலகைகளோடு இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று ஆறு மீட்டர் ஆழம் வரை, மற்றது பதினைந்து வரை. இரு தீவுகளுக்கும் நடுவேயுள்ள கால்வாயில் ஓட்டம் கடுமையாக இருக்கும், நீந்திக் கடக்க நினைக்கவே கூடாது. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் நிற்கும் புலாவ் சத்துமு தென்மேற்குக் கோடியில் இருக்கிறது. தண்ணீர் தெளிவு, பவளம் செழிப்பு, ஓட்டமும் அதற்கேற்ற பலம். அதை அனுபவம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: சாமான்கள்

தண்ணீர் வருடம் முழுக்க 27 முதல் 31 டிகிரி வரை, குளிர் பிரச்சினை இல்லை. ஆனாலும் உடம்பு முழுதும் மூடுகிற மெல்லிய உடை போடுங்கள். ஹைட்ராய்டு என்ற இறகு போன்ற உயிர் தோலில் பட்டால் இரண்டு வாரம் அரிக்கும். பகலிலும் டார்ச் வேண்டும். கைவிடப்பட்ட தூண்டில் நரம்பும் வலையும் இங்கே சகஜம், அவற்றை அறுக்கச் சின்னக் கத்தி வேண்டும். திசைகாட்டி, ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், விசில் ஆகியவையும் அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலே எஸ்எம்பி. ஊதினால் ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த ஆரஞ்சுக் குழாய் தலைவரிடம் மட்டும் இருந்தால் போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். கூடவே குறைந்தது 15 மீட்டர் நூல் சுற்றிய சுருள். நம் தீவுகளைச் சுற்றிக் கப்பல் பாதைகள் ஓடுகின்றன. பெரிய கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அலையில் மிதக்கும் ஒரு தலை தெரியவே தெரியாது, தெரிந்தாலும் அவரால் நிறுத்த முடியாது. முதலில் நீச்சல் குளத்தில் எஸ்எம்பியை மேலே அனுப்பிப் பழகுங்கள். கடலில் முதல் தடவையாக அதைப் பிரிக்கிற நாள் ஆபத்து வந்த நாளாக இருக்கக் கூடாது.

நான்காம் படி: படகில்

படகு மிதவையில் கட்டியதும் அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள். காற்று பலமாக இல்லையென்றால் படகின் மூக்கு ஓட்டத்தைப் பார்த்துத் திரும்பும். பிறகு ஒரு சின்ன இலையையோ கொஞ்சம் சோற்றையோ முன்பக்கம் போட்டு, அது பின்பக்கம் போய்ச் சேர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 10 மீட்டர் படகை 20 விநாடியில் கடந்தால் ஓட்டம் ஒரு நாட், அதாவது நிமிடத்துக்கு 30 மீட்டர். பயிற்சி உள்ளவரே அந்த வேகத்தை எதிர்த்துக் கொஞ்ச நேரம்தான் நீந்த முடியும். 40 விநாடி என்றால் அரை நாட், கவனமாக இறங்கலாம். 20 விநாடிக்குக் குறைவு என்றால் காத்திருங்கள். காத்திருந்தும் குறையவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். படகுக் காசு போய்விட்டதே என்று இறங்குவதுதான் மிக மோசமான காரணம்.

படகின் பின்னால் நீளமான மிதவைக் கயிறு விட்டிருக்கிறார்களா, நீலமும் வெள்ளையுமான முக்குளிப்புக் கொடி ஏற்றியிருக்கிறார்களா, ஆக்சிஜன் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். எல்லாரும் இறங்கிய பிறகும் படகோட்டத் தெரிந்த ஒருவர் மேலே இருந்தாக வேண்டும்.

உங்கள் ஜோடியோடு இரண்டே விஷயங்களைப் பேசி முடிவு செய்யுங்கள். எவ்வளவு காற்றில் திரும்புவது? பிரிந்துவிட்டால் என்ன செய்வது? முதலாவதுக்கு என் கணக்கு: சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் இருக்க இறங்கினால் 150இல் திரும்ப வேண்டும். 70 இருக்கும்போது மேலேறத் தொடங்க வேண்டும். இரண்டாவதுக்கு: ஒரு நிமிடம் தேடு, கிடைக்கவில்லையென்றால் மேலே வா.

ஐந்தாம் படி: இறங்குதல்

கயிற்றைப் பிடித்து இறங்குங்கள். தெளிந்த கடலில் கையை விரித்துக்கொண்டு மிதந்து இறங்குவது அழகு. இங்கே அப்படி இறங்கினால் தரையைத் தொடும்போது திட்டை விட்டு நாற்பது மீட்டர் தள்ளி, சேற்றில் தனியாக இருப்பீர்கள். ஜோடி எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பி கையை அறுக்கும், அதற்கு மட்டும் கையுறை உதவும்.

ஆறாம் படி: கீழே

தரை வந்ததும் உடனே கிளம்பாதீர்கள். அரை நிமிடம் நின்று பாருங்கள். மீன்கள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன? அவை எப்போதும் ஓட்டத்தைப் பார்த்தே நிற்கும். விசிறிப் பவளம் ஓட்டத்துக்குக் குறுக்கே விரிந்து வளர்ந்திருக்கும். வருடக் கடைசியில் அடர்ந்து வளரும் சர்காசம் பாசி சாய்ந்திருக்கும் திசையே ஓட்டத்தின் திசை.

ஓட்டத்தை எதிர்த்துப் போகத் தொடங்குங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்துவிடும். தரைக்கு மிக அருகில் உராய்வால் ஓட்டம் தளர்ந்திருக்கும், ஒரு முழம் உயரத்தில் படுத்து நீந்துங்கள். தவளை போலக் காலை விரித்து உதையுங்கள், மேலும் கீழும் அடித்தால் சேறு கிளம்பி இருக்கிற பார்வையும் போய்விடும். பெரிய பாறைகளின் மறைவு கிடைத்தால் அங்கே நின்று மூச்சை நிதானப்படுத்துங்கள். பிடித்தே ஆக வேண்டும் என்றால் செத்த பாறையை, அதுவும் நன்றாகப் பார்த்து, இரண்டு விரலால் பிடியுங்கள். விஷ முள் கொண்ட கல்மீன் அசல் கல்லைப் போலவே உட்கார்ந்திருக்கும். உயிருள்ள பவளத்தைத் தொடவே கூடாது. மணலும் சேறும் நிறைந்த இந்த நீரில் வெளிச்சம் போதாமல் வளர்ந்து, 1998, 2010, 2016, 2024 என்று வெப்பத்தில் வெளுத்த ஆண்டுகளையும் தாண்டி நிற்கிறவை அவை.

காற்றுக் கணக்கு ஒன்று சொல்கிறேன், இதை மனத்தில் பதிய வையுங்கள். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர். 200 பாரில் 50ஐ ஒதுக்கி வைத்தால் செலவுக்கு 150 பார், சுமார் 1,650 லிட்டர் காற்று. அமைதியாக இருக்கும்போது ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு, ஆகவே 40 லிட்டர். காற்று 40 நிமிடம் வரும். அதே ஆள் ஓட்டத்தை எதிர்த்து முட்டி மோதி நீந்தினால் 50 லிட்டர் என்பது சுலபமாக வந்துவிடும். 10 மீட்டரில் அது 100. காற்று 16 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதோடு நுரையீரலில் கரியமில வாயு தேங்கி, காற்று இருக்கும்போதே மூச்சு முட்டுகிற உணர்வு வரும். பீதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏழாம் படி: ஓட்டம் பிடித்துக்கொண்டால்

இது எனக்கு நடந்தது. உள்ளூரில் அது என் பதினோராவது முறை. பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், விடுப்பு கிடைத்த ஒரே காரணத்துக்காகப் போனேன். இறங்கி இருபது நிமிடத்தில் திட்டின் முனையைத் தாண்டிவிட்டேன், அங்கே ஓட்டம் திரும்பி அடித்தது. கயிற்றுக்குத் திரும்ப வேண்டும் என்று காலை அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரே பாறை கண்முன்னே நின்றது, நான் நகரவில்லை. காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபோது 120இல் இருந்தது 70க்கு வந்திருந்தது. ஜோடியைக் காணோம். நெஞ்சு அடித்த சத்தம் காதில் கேட்டது. ஒரு நிமிடம் டார்ச்சைச் சுற்றிக் காட்டினேன், பதில் வெளிச்சம் வரவில்லை. எஸ்எம்பியை மேலே அனுப்பிவிட்டு, மெல்ல ஏறி வந்தேன். ஜோடி ஐம்பது மீட்டர் தள்ளி, தன் எஸ்எம்பியோடு மிதந்துகொண்டிருந்தார். பேசி வைத்த ஒரு நிமிட விதியை இருவரும் மதித்ததால் ஒருவரை ஒருவர் கீழே தேடிக்கொண்டிருக்கவில்லை. படகில் ஏறியதும் எங்களை அழைத்துப் போன அண்ணன் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கடல் இழுத்தா கூடவே போ. படகு உன்ன வந்து எடுத்துக்கும். எதிர்த்து நின்னா காத்துதான் போகும்."

அவர் சொன்னதைப் படிப்படியாகச் சொன்னால் இப்படி வரும். முதலில் நிறுத்துங்கள், தரையோடு ஒண்டுங்கள், மூன்று மூச்சு நீளமாக வெளியே விடுங்கள். அப்புறம் கேஜைப் பாருங்கள். எதிர்த்து நீந்துவதை விட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே திட்டின் பக்கமாக நகர முடிகிறதா என்று பாருங்கள். மறைவு கிடைத்தால் அங்கிருந்து மேலேறலாம். கிடைக்கவில்லையா, ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தோடு போய்க்கொண்டே மேலேறத் தொடங்குங்கள்.

ஓட்டம் சில இடங்களில் கீழ்நோக்கி இழுக்கும். உங்கள் காற்றுக் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டில் சுழன்றால் அதுதான் அறிகுறி. பாறைச் சுவரை விட்டு வெளிப்பக்கம் நகருங்கள். மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டையான பிசிடியில் காற்றேற்றும்போது கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், இழுப்பு விட்டதும் அதே காற்று உங்களை வேகமாக மேலே தூக்கிவிடும்.

எட்டாம் படி: மேலேறுதல்

கீழே இருக்கும்போதே எஸ்எம்பியை மேலே அனுப்புங்கள். மேலே படகு இல்லை என்று காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இயந்திரச் சத்தம் நெருங்கினால் காத்திருங்கள். சுருளை உடம்பில் எதிலும் மாட்டாதீர்கள், சிக்கினால் விட்டுவிட வேண்டியிருக்கும். குழாய்க்குள் கொஞ்சம் காற்று ஊதி விட்டால் போதும், மேலே போகப் போக அது விரிந்து நிறையும். நூலைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறுங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். அந்த மூன்று நிமிடமும் ஓட்டத்தோடு நகர்ந்துகொண்டுதான் இருப்பீர்கள், அது சரிதான். மேலே படகோட்டி உங்கள் ஆரஞ்சைப் பின்தொடர்ந்து வருவார்.

ஒன்பதாம் படி: மேற்பரப்பில்

பிசிடியில் காற்றை நிரப்புங்கள். மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம், மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயிலேயே வைத்திருங்கள். படகு தள்ளி இருந்தால் அதை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். எஸ்எம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாக ஒட்டி மிதங்கள், விசில் அடியுங்கள். ஐந்து பேர் சேர்ந்து நின்றால் தூரத்திலிருந்து தெரியும், தனித்தனித் தலைகள் தெரியாது. கயிறு வீசினால் பிடித்துக்கொண்டு, இயந்திரம் நிற்கும் வரை ஏணிப் பக்கம் போகாதீர்கள்.

பத்தாம் படி: கரைக்கு வந்த பிறகு

நிறையத் தண்ணீர் குடியுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான அசதி, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, இவை உடம்பில் நைட்ரஜன் குமிழியானதன் அறிகுறிகளாக இருக்கலாம்; இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் கொடுத்து 995ஐ அழையுங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் முக்குளிப்பு மருத்துவத்துக்கென்றே அழுத்த அறையோடு ஒரு பிரிவு இருக்கிறது. கல்மீன் முள் குத்தியிருந்தால், தாங்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய இடத்தை முக்கி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

நம் ஆட்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை ஹந்துவில் இரண்டு முறை இறங்கிவிட்டு அன்றிரவே சென்னை விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் பறக்க வேண்டும். டிக்கெட் திங்கள் காலைக்குப் போடுங்கள், அல்லது சனிக்கிழமையே முக்குளித்துவிடுங்கள், அன்று ஓதம் ஒத்துவந்தால்.

வீட்டுக்கு வந்து உப்பைக் கழுவியதும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: தேதி, திதி, அட்டவணை சொன்ன ஏற்ற நேரம், கீழே ஓட்டம் உண்மையில் நின்ற நேரம், அது திரும்பிய திசை. எனக்கு ஹந்துவுக்கு மட்டும் நாற்பது பக்கம் சேர்ந்திருக்கிறது. போன அட்டமியன்று அதைப் பார்த்துத்தான் ஒன்பதரை மணிக்கு இறங்கினோம். ஒன்பதே முக்காலுக்கு மீன்கள் எல்லாம் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஓட்டம் நின்றிருந்தது. ஒரு சர்காசம் தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு கடற்குதிரை ஒன்று அசையாமல் நின்றது. இருபது நிமிடம் அதன் அருகிலேயே இருந்தோம்.